கதவைத் திறக்காமல் இருந்த ஒரு பகல்

என் பிள்ளைகளே, வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் ஊருக்குக் கிளம்பினால், தெருமுனை வரை வந்த பிறகு நான் மட்டும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ்சு போய்விடும் என்று உங்கள் அம்மா சத்தம் போடுவாள். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் போன மாதம் உங்களில் இளையவன் பரீட்சைக்குக் கிளம்பும்போது, பேனாவில் மை இருக்கிறதா என்று ஏழெட்டுத் தடவை கழற்றிப் பார்த்து, கடைசியில் சட்டை முழுக்க மையாக்கிக்கொண்டு அழுதான். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய குணம் ஒன்று அவனிடம் போய்விட்டதோ என்று பயந்தேன். அன்றைக்கே இதை எழுதிவைக்க நினைத்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நீங்கள் டென்ஷன் என்று பெயர் சொல்கிறீர்கள். நாங்கள் மலையில் இருந்த காலத்தில் அதற்குத் தனியாக ஒரு பெயர் இல்லை. "அவனுக்கு மனசு ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது" என்பார்கள். அவ்வளவுதான். பெயர் இல்லாததால் அது இல்லாமல் போய்விடவில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தேன். பறித்த காயைச் சாக்கில் கட்டிச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவருவது என் வேலை. ஸ்டோர் என்றால் கடை அல்ல. பச்சைக் காயை உலர்த்தும் கட்டடத்தை மலையில் எல்லாரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கருங்கல் சுவர், தகரக் கூரை, ஒரே ஒரு கனத்த கதவு. வெளிப்பக்கம் ஒரு அடுப்பு வாய். அதில் விறகு எரித்தால் சூடு ஒரு பெரிய இரும்புக் குழாய் வழியாக உள்ளே தரையைச் சுற்றி ஓடும். புகை மறுபக்கம் வெளியேறிவிடும். உள்ளே கம்பி வலைத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். காயை அவற்றில் பரப்பிக் கதவைச் சாத்தினால், ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் கழித்து உலர்ந்து வரும். இட்லிக்குச் சொல்வதுபோல, ஒரு தடவை அடுக்கி எடுப்பதை ஓர் ஈடு என்போம். ஈடு பச்சை மாறாமல் வந்தால் போடியில் வியாபாரிகள் ஆசையாகக் கையை நீட்டுவார்கள். வெளிறி வந்தால் சாக்கின் வாயைக்கூடப் பிரிக்க மாட்டார்கள்.

உங்கள் அம்மா அப்போது கீழே போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். உங்களில் மூத்தவளுக்கு ஒரு வயசு முடியவில்லை. சின்ன வீடு, எட்டுப் பேர். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் பிள்ளை அழுதால் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைப்பாள். இதை உங்கள் அம்மா குறையாகச் சொன்னதில்லை. ஒருமுறை நான் போயிருந்தபோது நானே கேட்டேன். அன்றிலிருந்து அந்தச் சத்தம் மலையிலும் என் காதில் இருந்தது. குடும்பத்தை மேலே கூட்டிவரலாம் என்றால், சுமை தூக்குகிற எங்களுக்கு ஒரே கொட்டகை, ஆண்கள் மட்டும். லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில், ஓர் அறை வேண்டுமென்றால் கங்காணியாக இருக்கவேண்டும், அல்லது ஸ்டோர்க்காரராக இருக்கவேண்டும்.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கீழே தேவாரம் என்ற ஊர்க்காரர். ஒரு திங்கட்கிழமை அவருக்குச் சேதி வந்தது. அவர் மூட்டை கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அப்பு, ஆனை புகுந்து சோளக்காட்டைப் பூராம் மிதிச்சுப் போட்டிருச்சாம். நான் காலைல எறங்குறேன். இனி மலைக்கு வர்றது சந்தேகந்தான். நீதான் எங்கூட நின்னு பாத்திருக்க. காயி வேர்த்ததும் மேச்சன்னல் ரெண்டையும் தொற. ஆவி போனதும் மூடு. கதவை மட்டும் தொடாத. வெளிய பனிமூட்டம், உள்ள ஆவி. தொறந்தேன்னா தகரத்துல தண்ணி கோத்துச் சொட்டும். உள்ள என்ன நடக்குதுன்னு மூக்கு சொல்லும், கண்ணு வேணாம்."

அன்று சாயங்காலம் கணக்கப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். தோட்டத்தில் முதலாளிக்கு அடுத்து எல்லாம் அவர்தான். "ஏப்பா, ரெண்டு ஈடு எடுத்துக் காட்டு. காயி நல்லா வந்துச்சுன்னா வேலையும் உனக்கு, அறையும் உனக்கு" என்றார்.

நான் செய்த தப்பு அங்கேதான் தொடங்குகிறது. சந்தோஷத்தில் அப்போதே ஒரு காகிதத்தை எடுத்து, 'அறை கிடைத்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை ஜீப்பில் பிள்ளையோடு வந்து சேர்' என்று உங்கள் அம்மாவுக்கு எழுதிவிட்டேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள்தான் ஜீப்பு காலையில் போடிக்கு இறங்கி மத்தியானம் ஏறும். செவ்வாய்க்கிழமை காலை தேவாரத்துக்காரரோடு என் கடிதமும் இறங்கிப் போனது. ஜீப்பு வளைவில் மறைந்த பிறகுதான், இன்னும் ஒரு காய்கூட உலர்த்தவில்லையே என்று எனக்கு உறைத்தது.

செவ்வாய் சாயங்காலம் முதல் ஈடு அடுக்கினேன். ராத்திரி அடுப்போடு போயிற்று. புதன்கிழமை விடிந்ததிலிருந்து என்னை ஏதோ பிடித்துக்கொண்டது. கீழ்த்தாடை வலித்தது; பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. காய் கருகிவிட்டால்? அவிந்துவிட்டால்? மேல் ஜன்னலை மூடினேனா? மூடியது என் கைதான், ஆனாலும் சந்தேகம். ஒருதரம் போய்க் கதவை ஒரு சாண் திறந்து பார்த்தேன். காய் நன்றாக இருந்தது. சாத்தினேன். பார்த்ததும் நெஞ்சு லேசானது. பத்தடி நடப்பதற்குள் மறுபடியும் கனத்தது.

சாயங்காலம் கணக்கப்பிள்ளை வந்து தட்டை இழுத்துப் பார்த்தார். ஒரு காயை எடுத்து விரலில் உருட்டி, பல்லில் வைத்துக் கடித்தார்.

"என்னப்பா இது, பாதி பச்சை, பாதி வைக்கோலு?"

"வெறகு ஈரங்கய்யா. பனிமூட்டமும் சாஸ்தி."

"போன வாரமும் இதே வெறகு, இதே மூட்டந்தான்." குரலை உயர்த்தவில்லை. "இன்னொரு ஈடு இருக்கு. அதும் இப்பிடின்னா மேல்தோட்டத்துல இருந்து ஆளைக் கூட்டியாந்துருவேன். உம்மேல கோவமில்ல. காயி யாருக்காகவும் காத்திருக்காது."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்கள் அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்குவாள். அவளை எங்கே உட்கார வைப்பேன்?

ஸ்டோரை ஒட்டி ஒரு தாழ்வாரம் உண்டு. அங்கே நாலு பெண்கள் உட்கார்ந்து உலர்ந்த காயைத் தேய்த்துக் காம்பு போக்கிச் சொளகில் புடைத்துத் தரம் பிரிப்பார்கள். அவர்களில் ஒருத்தி போடிக்காரி, என் வயசுதான் இருக்கும். மூணாறு பக்கம் தேயிலை வேலைக்குப் போன அவள் புருஷன் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. ஒற்றை ஆளாக லயத்தில் இருந்தாள். வாய் ஓயாத பெண். வியாழக்கிழமை காலை நான் அந்தப் பக்கம் போனபோது, அவள் ஒரு இலையில் கொஞ்சம் காயைக் குவித்து என் முன்னால் நீட்டினாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிராதீக. இதை எண்ணிப் பாருங்க."

"எதுக்கு?"

"நேத்து எங்களுக்குள்ள ஒரு பந்தயம். கதவு கிரீச்சுனு கத்துறப்பல்லாம் நான் ஒரு காயை இந்தப் பக்கம் எடுத்து வச்சேன். இவ இருபதைத் தாண்டாதுன்னா. நான் முப்பதுன்னேன். எனக்கு ஒரு வாய் வெத்தல கெடச்சிருச்சு."

பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "அண்ணன் உள்ள புதுப்பொண்ணை ஒளிச்சு வச்சிருக்காருன்னுல்ல நெனச்சோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் எண்ணினேன். முப்பத்து நாலு.

"சும்மா சொல்லாதீக. நாலு தடவையோ அஞ்சு தடவையோதான் தொறந்திருப்பேன்."

"உங்க பிள்ள மேல சத்தியமா நீங்களே சொல்லுங்க, நாலுதானா?"

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். காலையில் ஒன்று, வெயில் வந்தபோது ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று. இவ்வளவுதான் நினைவில் நின்றது. மற்ற முப்பத்தொன்றையும் என் கைதான் செய்திருக்கிறது. எனக்குத் தெரியாமலே செய்திருக்கிறது. கதவைத் திறந்தால் தண்ணீர் சொட்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல; தேவாரத்துக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். காயைக் காப்பாற்றத்தான் போய்ப் போய்ப் பார்த்தேன். பார்த்துப் பார்த்தே கெடுத்தேன்.

பிள்ளைகளே, கவலையைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் சங்கதி அந்த இலையில் இருந்தது. அது வேலை செய்வதுபோலவே வேஷம் போடும். அக்கறை மாதிரி இருக்கும், பொறுப்பு மாதிரி இருக்கும். எத்தனை தடவை என்று யாராவது எண்ணிக் காட்டினால்தான் அதன் முகம் தெரியும்.

வியாழன் சாயங்காலம் இரண்டாவது ஈடு ஏற்றினோம். ராத்திரி எனக்குச் சங்கடம் இருக்கவில்லை. விறகு தள்ள, சாம்பல் இழுக்க என்று கைக்கு வேலை இருந்தது. வெள்ளிக்கிழமை விடியும்போது ஜீப்பு கிளம்பத் தயாராக நின்றது. அப்போதுகூட ஒரு வழி இருந்தது. சிலமலைக்குச் சொல்லியனுப்பி உங்கள் அம்மாவை நிறுத்திவிடலாம். நான் போய் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டுகிறவர் எங்கள் பக்கத்து மனுஷர். என்னை மாப்ளே என்பார்.

"என்ன மாப்ளே, வீட்டுக்குச் சேதி ஏதாச்சும் இருக்கா?"

வாயைத் திறந்தேன். வரவேண்டாம் என்று சொன்னால் நான் தோற்கப்போகிறேன் என்று நானே சொல்வதாகிவிடும். சொல்லாவிட்டால் அவள் வந்து நிற்பாள்.

"ஒண்ணுமில்ல மாமா. வெரசா வந்துருங்க."

"நீ கம்பிய விட்டாத்தானப்பா வெரசாப் போகமுடியும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

காய் வேர்த்ததும் நீளக் கம்பால் மேல் ஜன்னல்களைத் தள்ளித் திறந்து, ஆவி போனதும் மூடினேன். அதற்குப் பிறகு மத்தியானம் மூன்று மணி வரை அடுப்பை மட்டாக வைத்திருப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. அந்தச் சும்மா இருக்கிற நேரந்தான் ஆபத்து. எட்டு மணிக்குள் இரண்டு தடவை கதவைத் திறந்துவிட்டேன். இரண்டாவது தடவை சாத்தும்போது கீல் கத்தியது. தாழ்வாரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவில் பெரிய பூட்டை மாட்டிப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்ப் போடிக்காரியிடம் நீட்டினேன்.

"இந்தா ஆத்தா, இதை வச்சுக்க. கணக்கப்பிள்ளை வர்ற வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காத."

"கேப்பீகளா?"

"கேப்பேன்."

"கெஞ்சுனா?"

"குடுக்காத."

"மெரட்டுனா?"

"நான் எதுக்கு உன்னை மெரட்டப் போறேன்?"

அவள் சிரித்துக்கொண்டே சாவியை முந்தானையில் முடிந்தாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அடுப்பு வாயில் குந்தியிருந்த எனக்குப் புழுக்கமாக ஒரு வாசம் வந்தது. காய் அவிகிற வாசமா? நான் எழுந்து போனேன்.

"ஆத்தா, சாவியக் கொண்டா. சூடு கூடிப்போச்சு."

"சூடு கூடினா வெறகை வெளிய இழுங்க அண்ணே. அடுப்புக்கு எதுக்குச் சாவி?"

சரிதான். விறகை இழுத்தேன். இப்போது சூடு குறைந்துவிட்டதோ என்று பயம். விறகைத் தள்ளினேன். மறுபடி போனேன். இந்தத் தடவை கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை, ஒரு சாண், கண்ணை மூடித் திறப்பதற்குள் சாத்திவிடுவேன் என்றேன். அவள் சொளகைப் புடைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"மதி அண்ணே. நீங்கதான குடுக்காதன்னீக." மலையில் மலையாளத்துக்காரர்களோடு பழகி எல்லார் வாயிலும் அந்தச் சொல் ஏறியிருந்தது, போதும் என்று அர்த்தம்.

மூன்றாவது தடவை போனபோது எனக்குள் இருந்தது நான் இல்லை என்று எழுத ஆசை. ஆனால் அது நானேதான். காது அடைத்திருந்தது. உள்ளங்கை ஜில்லிட்டிருந்தது. அவள் சிரிப்பது மட்டும் கண்ணில் பட்டது.

"என் பொண்டாட்டி பிள்ள வந்துக்கிட்டிருக்கு. உனக்கு வெளையாட்டாத் தெரியுதா? குடும்பம்னா என்னான்னு உனக்கு எப்பிடித் தெரியும்? உன்னைத்தான் ஒருத்தன் வேணாம்னு போட்டுட்டுப் போயிட்டானே!"

நாலு சொளகும் நின்றன. மற்ற மூன்று பெண்களும் குனிந்துகொண்டார்கள். அவள் மட்டும் என்னைப் பார்த்தாள். சாவியை எடுத்து என் முகத்தில் எறிவாள் என்று நினைத்தேன். சொல்லப்போனால், எறியட்டும், கதவைத் திறக்கலாம் என்றுதான் அந்த நேரத்திலும் ஒரு மூலையில் நினைத்தேன். அவள் முந்தானை முடிச்சை இழுத்து இன்னும் இறுக்கினாள்.

"சாவி கணக்கப்பிள்ளை கைக்குத்தான் போகும்" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

நான் அங்கிருந்து போய்விட்டேன். காலியாகக் கிடந்த தட்டுகள் சிலதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடைக்குப் போனேன். தேங்காய் நாரால் கம்பி வலையைத் தேய்த்தேன். தண்ணீர் விரலைக் கடித்தது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒட்டியிருந்த தோலையும் காம்பையும் நகத்தால் எடுத்தேன். தேய்க்கும்போதே மறுபடி அந்த எண்ணம் ஏறியது: போ, போய்ப் பார், பூட்டை உடை. கழுத்து வரை ஏறியது. நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது இறங்கியது. யாரும் இறக்கவில்லை; கதவும் திறக்கவில்லை; தானாக இறங்கியது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதுவரை நான் ஒருமுறைகூட அதை இறங்கும் வரை விட்டதில்லை. ஏறும்போதே ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவேன். அன்று ஓடையில் அது மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியது. மூன்றாவது முறை ஏறியது இடுப்பளவுக்கு மேல் வரவில்லை. ஆனால் அது இறங்கிய இடத்தில், நான் பேசிய பேச்சு எழுந்து நின்றது. அது இறங்கவில்லை.

இரண்டு மணிக்கு ஜீப்பின் ஹாரன் கேட்டது. உங்கள் அம்மா பிள்ளையோடு இறங்கி நின்றாள். ஒரு துணி மூட்டை, ஒரு தகரப்பெட்டி, சுருட்டிய பாய்.

"அறை எங்கங்க?"

"இரு. கணக்கப்பிள்ளை வரட்டும்."

"ஏன், இன்னும் ஒழிக்கலையா?"

"இன்னிக்கு ஒழிஞ்சுரும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "மூஞ்சி ஏன் இப்பிடிக் கெடக்கு? சாப்டீகளா இல்லையா?" நான் தகரப்பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அவள் பாயைக் காட்டினாள். "எங்க அண்ணி அந்தப் பாயை எனக்கே குடுத்துருச்சு. இனி நீ திரும்பி வந்தா ஒனக்குப் படுக்கப் பாயில்லைன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சுங்க."

பக்கத்தில் மாமா லோடு இறக்கிக்கொண்டிருந்தார். "இனி செவ்வாக்கெழமைதான் மாப்ளே எறக்கம். பத்தரமா வச்சுக்க" என்று கேலியாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை வரை நாலு ராத்திரி.

பனிமூட்டம் இறங்கியது, பிள்ளை குளிரில் சிணுங்கியது. தாழ்வாரத்திலிருந்து ஒரு குரல்: "இங்கிட்டு வா தாயி. சொவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. இப்பிடிச் சாஞ்சு ஒக்காரு, சூடா இருக்கும். பிள்ளையக் கொண்டா." அந்தப் போடிக்காரிதான். உங்களில் மூத்தவளை மடியில் வாங்கிப் போட்டுக்கொண்டு, கால் இரண்டையும் தன் உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

மூன்று மணிக்குக் கணக்கப்பிள்ளை வந்தார். பூட்டைப் பார்த்தார். "இதென்ன புதுசா?" என்றார். போடிக்காரி பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"சாவி ஏன் உங்கிட்ட இருக்கு?"

நான் பேசுமுன் அவள் முந்திக்கொண்டாள். "அவுக தட்டுக் கழுவப் போனாக. தண்ணில விழுந்துரும்னு நாந்தான் வாங்கி வச்சேன்."

கதவு திறந்தது. சூடான காற்று முகத்தில் அடித்தது. வாசத்தை வைத்து எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. என் மூக்கு அன்றைக்குச் செத்துப்போயிருந்தது. கணக்கப்பிள்ளை மேல்தட்டை இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பச்சை. நடுத்தட்டும் பச்சை. கதவோரத்தில் கீழே இருந்த இரண்டு தட்டுகளை இழுத்தார். அவற்றில் காய் வெளிறி, அங்கங்கே பழுப்புத் திட்டு. காலையில் நான் திறந்த இரண்டு தடவை அங்கே கிடந்தது. அவர் அந்தத் தட்டை வெகு நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. உங்கள் அம்மா எழுந்து வந்து எங்கள் பின்னால் நிற்பது தெரிந்தது. அவளுக்கு எதற்கு எல்லாரும் காயைப் பார்க்கிறார்கள் என்பதே தெரியாது.

ஒரு காயைக் கடித்தார். விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார்.

"இந்த ரெண்டையும் தனியாப் பிரிச்சுரு. மத்தது மதி. நாளைலயிருந்து நீயே பாரு." பிறகு உங்கள் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "கடைசி அறை தாயி. மூலைல ஒழுகும். சட்டி இருந்தா வச்சுக்க."

அவர் போன பிறகு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பு இன்னும் செய்தியை நம்பவில்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஆபத்து போன பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்போது பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

உங்கள் அம்மா மூட்டையோடு அறைக்குப் போனதும் தாழ்வாரத்தில் போடிக்காரியிடம் போனேன். "காலைல நான் பேசுனது..." என்று ஆரம்பித்தேன்.

"பேசுனது பேசுனதுதான். தட்டை எறக்குங்க, காயி சூடு ஆறுது" என்றாள். சூடு ஆறினால் காம்பு உதிராது என்பது உண்மைதான். நான் தட்டை இறக்கினேன்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்தத் தோட்டத்தில் இருந்தோம். அவளும் உங்கள் அம்மாவும் ஒரே உலையில் கஞ்சி காய்ச்சாத குறைதான். உங்களில் மூத்தவள் அவள் வீட்டில்தான் நடை பழகினாள். ஆனால் அவள் என்னை அண்ணே என்று திரும்பக் கூப்பிட்டதில்லை. ஏங்க, இந்தாங்க என்பதோடு சரி. நடந்ததை உங்கள் அம்மாவிடம் அவள் சொல்லவே இல்லை; நானும் சொன்னதில்லை. இதைப் படித்தால்தான் உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

என் கவலை தீர்ந்துபோய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். எத்தனையோ ஈடு எடுத்தேன். ஒவ்வொரு ஈட்டுக்கும் கை கதவுக்குப் போனது. ஆனால் கீல் கத்தும்போது நானே மனசுக்குள் எண்ணக் கற்றுக்கொண்டேன். எண்ண ஆரம்பித்தால் எண்ணிக்கை குறைகிறது. ஏன் என்று தெரியாது, குறைகிறது. ஏறுகிற நேரத்தில் தட்டு தேய்த்தேன். தட்டு இல்லாவிட்டால் சாக்கு தைத்தேன். எல்லாவற்றையும்விட, ஏறியிருக்கும்போது வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கெட்டுப்போன காயைத் தனியாகப் பிரித்து விலை குறைத்து விற்றுவிடலாம். நான் அன்று சொன்னதை எந்தச் சாக்கில் போட்டு எங்கே இறக்குவது? இளையவனே, பேனாவை எத்தனை தடவை வேண்டுமானாலும் திறந்து பார், சட்டைதானே, துவைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருக்கிறவர்கள் மேல் மட்டும் மை தெறிக்காமல் பார்த்துக்கொள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. லயத்தில் பெண்கள் எல்லாரும் துணி துவைக்க ஓடைக்குப் போயிருந்தார்கள்; உங்கள் அம்மாவும் பிள்ளையோடு போயிருந்தாள். நான் காட்டோரத்தில் விழுந்து கிடந்த கிளைகளை வெட்டி, ஸ்டோரின் வெளிச்சுவரில் இரண்டு நாள் சாய்த்துக் காயவைத்திருந்தேன். மழைக்காலத்தில் லயத்தில் யாருக்கும் காய்ந்த விறகு கிடைக்காது. ஊதி ஊதிக் கண் எரியும். அவற்றைச் சிறு சிறு சிராயாகப் பிளந்து ஒரு கட்டாகக் கட்டினேன். தோளில் வைத்துக்கொண்டு போடிக்காரி வீட்டு வாசலுக்குப் போனேன். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. கூரைத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து இறக்கி வைத்தேன். ஒரு குச்சி சரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.